நாங்கள் போடாத சண்டை

என் முதல் நாவல் அச்சாகி வந்த அடுத்த வருடம், ஒரு சனிக்கிழமை காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வங்கிக்காரர்களாக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். ஒரு பெண் குரல் என் பெயரைச் சொல்லி, "அந்த ஸ்கூல் நாவல் எழுதினவங்கதானே பேசறது?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அவள் தன் பெயரையும், ப்ளஸ் டூவில் நாங்கள் இருந்த பிரிவையும் சொன்னாள்.

"ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

இருந்தது. இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் என் இடது கைப்பக்கம் உட்கார்ந்தவள். அவள் என்னை நீங்க என்று சொன்னதுதான் புதிதாக இருந்தது. நானும் பதிலுக்கு எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் இருவரும் பிள்ளைகள் எத்தனை, எங்கே குடியிருக்கிறோம் என்று மரியாதையாகப் பேசிக்கொண்டோம். அவள் கோவிலம்பாக்கத்தில் இருந்தாள். கணவர் ஏசி சர்வீஸ் தொழில் செய்வதாகவும், தான் போன் எடுத்து ஆட்களை அனுப்புவதாகவும் சொன்னாள். புத்தகத்தை வாங்கியது ப்ளஸ் ஒன் படிக்கும் அவள் மகள். தாம்பரம் ஸ்டேஷன் பாலம் அதில் வருகிறதே என்று அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அட்டைக்குப் பின்னாலிருந்த படத்தைப் பார்த்ததும் இவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என் எண்ணைப் பதிப்பகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. நாம எப்போ சண்டை போட்டோம்?"

நாங்கள் சண்டை போட்டதே இல்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்ட விதத்தில் ஒரு கனம் இருந்தது. நேரில் பேசலாமா என்றேன். அடுத்த ஞாயிறு சாப்பிட வரச்சொன்னாள்.

நாங்கள் படித்தது தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. நான் பெருங்களத்தூரிலிருந்து வருவேன், அவள் பல்லாவரத்திலிருந்து. ஒருத்திக்குத் தெற்கு, இன்னொருத்திக்கு வடக்கு. அதனால் சாயங்காலம் ஒன்றாகப் பயணம் செய்ய வழியில்லை. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் கம்பியைப் பிடித்தபடி நிற்போம். யாருடைய ரயில் முதலில் வருகிறதோ அவள் ஓடுவாள். சில நாட்களில் வந்த ரயிலைப் போகவிட்டு அடுத்ததற்கும் நிற்போம். எங்கள் நட்பில் பெரும்பகுதி அந்தப் பாலத்தில்தான் நடந்தது. பேசியது என்ன என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மிஸ்களைப் பற்றி, வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைப் பற்றி, டிவியில் முந்தின நாள் வந்ததைப் பற்றி. முக்கியமானது என்று ஒன்றும் இல்லை.

அவள் அத்தா, அப்பாவை அப்படித்தான் சொல்வாள், பல்லாவரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவளிடமிருந்து எப்போதும் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனை லேசாக வரும். வேகமாகப் பேசுவாள். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்குத் தாவுவாள், பிறகு விட்ட இடத்துக்குச் சரியாகத் திரும்பி வருவாள். ஒருநாள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகாமல் இருவரும் பல்லாவரம் மலைமேல் ஏறி, மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் இரண்டு வருடத்தில் சாகசம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

ப்ளஸ் டூ முடிந்ததும் நான் கல்லூரிக்குப் போனேன். அவள் அஞ்சல் வழியில் பி.காம் சேர்ந்து அத்தா கடையில் உட்கார்ந்தாள். முதலில் வாரம் ஒருமுறை போன் பேசினோம். பிறகு பண்டிகைக்குப் பேசினோம். அவள் நிக்காஹ்வுக்கு நான் போனேன். என் கல்யாணத்துக்கு அவளால் வர முடியவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டு வீட்டிலும் லேண்ட்லைன் போய் செல்போன் வந்தது. எண்கள் மாறின. அவ்வளவுதான். வருத்தப்படும்படி ஒரு நாள் கூட அதில் இல்லை. அப்படி ஒரு நாளைத் தேடினாலும் கிடைக்காது.

நாவல் எழுதும்போது இதுதான் எனக்குத் தடையாக இருந்தது. ப்ளஸ் டூ படிக்கும் இரண்டு தோழிகளின் கதை அது. ஒருத்தி துடுக்கானவள், இன்னொருத்தி அமைதியானவள். முதல் வரைவில் அவர்கள் நட்பும் எங்களுடையதைப் போலவே மெல்லத் தேய்ந்து இல்லாமல் போனது. படித்துப் பார்த்த பதிப்பாசிரியர், "ஏன் பிரியறாங்கன்னு தெரியலையேம்மா. காரணமே இல்லாம விட்டுட்டுப் போனா படிக்கிறவனுக்கு ஏமாத்தமா இருக்கும்" என்றார். நிஜத்தில் அப்படித்தான் நடக்கும் சார் என்றேன். நிஜத்தில் நடக்கலாம், நாவலில் நடந்தால் எழுதியவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. சில மாதங்கள் கழித்து அவர் சொன்னது சரி என்று பட்டது.

ஆகவே ஒரு சண்டையை உண்டாக்கினேன். துடுக்கானவள் ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிட்டு மலைமேல் போகிறாள். இருவரும் போனால் காட்டிக்கொடுக்க ஆள் இருக்காது என்பதால் அவளைத் தனியாக அனுப்பினேன். தலைமையாசிரியை அமைதியானவளை அறைக்குக் கூப்பிட்டுக் கேட்கிறார். அவள் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். துடுக்கானவளின் அப்பாவை வரவழைக்கிறார்கள், ஆண்டுவிழா நாடகத்திலிருந்து அவளை எடுத்துவிடுகிறார்கள். அதன்பின் பிரிவுபசார விழாவரை இருவரும் பேசிக்கொள்வதில்லை. விழாவிலும் பேசுவதில்லை. எழுதி முடித்தபோது இது நன்றாகத்தான் வந்திருந்தது. விமர்சனம் எழுதிய ஒருவர் அந்த அத்தியாயத்தை மட்டும் பாராட்டியிருந்தார்.

துடுக்கானவளை என் தோழியிடமிருந்து எடுத்தேன். அடையாளம் தெரியக்கூடாது என்று அவள் அப்பாவுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு பேக்கரி வைத்துக்கொடுத்தேன், வார்னிஷ் வாசனையை ரொட்டி வாசனையாக மாற்றினேன். அமைதியானவள் நான். காட்டிக்கொடுக்கும் வேலையை எனக்கே வைத்துக்கொண்டது நியாயமானது என்றும், கொஞ்சம் பெருந்தன்மை என்றும்கூட அப்போது நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம் வழியாகக் கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். முதல் மாடியில் வீடு. கீழே ஷட்டர் போட்ட இடத்தில் பழைய ஏசி பெட்டிகளும் செம்புக் குழாய்ச் சுருள்களும் கிடந்தன. அவள் கதவைத் திறந்தாள். உடம்பு போட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி வந்திருந்தது. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

"என்னடி, அப்படியே இருக்கே," என்று பொய் சொன்னாள். அதோடு நீங்க போயிற்று.

கணவர் வேலையாக வண்டலூர் பக்கம் போயிருந்தார். மகள் தட்டுகளை எடுத்துவைத்தாள். மீன் குழம்பும் சோறும் போட்டாள் தோழி. சாப்பிடும்போது அவள் போன் ஓயவே இல்லை. வெயில் காலம். ஒரு முறை ஸ்பீக்கரில் போட்டாள். "இன்னாக்கா, இங்க கம்ப்ரஸரே அவுட்டு. பார்ட்டி ஒத்துக்க மாட்டேங்குது, ஒரே பேஜாரா கீது," என்றார் மறுமுனையில் வேலையாள். வாடிக்கையாளரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவரிடம் பேசினாள். நிதானமாக, குரல் ஏறாமல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடம் விட்டு. பாலத்தில் நின்று என்னிடம் மூச்சுவிடாமல் பேசிய பெண்ணுக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"படிச்சதுலேருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அந்த அமைதியான பொண்ணு நான்தானே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"மிஸ்கிட்ட நான் சொன்னது நெஜம்தான். ஆனா அது உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் மனசுல வெச்சிருந்திருக்கே. அதைக் கதையில படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எந்த மிஸ்கிட்ட? என்ன சொன்னே?"

நான் வேண்டுமென்றே கேட்கிறேனோ என்று சந்தேகப்பட்டாள்போல. பிறகு சொன்னாள். ஒருநாள் மாலை நான் அக்கவுண்டன்சி ஸ்பெஷல் கிளாஸுக்கு வராமல் நூலகத்துக்குப் போய்விட்டேன். நான் எங்கே என்று மிஸ் இவளைக் கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் லைப்ரரி என்று வந்துவிட்டது. மறுநாள் மிஸ் என்னைப் பாடவேளை முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார். நான் இவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் சில நாள் பாலத்தில் நிற்காமல் நேராக என் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டேன்.

"நான் மேலே நின்னு உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ திரும்பவே இல்ல."

எனக்கு இதில் எதுவும் நினைவில் இல்லை. ஸ்பெஷல் கிளாஸுக்கு மட்டம் போட்டு நூலகத்துக்குப் போனது உண்டு, அது பல தடவை. வெளியே நின்றது நினைவில்லை. நேராகப் பிளாட்பாரத்துக்குப் போனது நினைவில்லை. ஒருவேளை அம்மா சீக்கிரம் வரச் சொல்லியிருப்பாள். வேறு ஏதோ இருந்திருக்கும். இதை அவளிடம் சொன்னேன். நாவலில் வரும் சண்டை முழுக்க நான் கட்டியது, பதிப்பாசிரியர் கேட்டதால் எழுதியது என்றும் சொன்னேன்.

"கற்பனைன்னா எப்படிடி இவ்ளோ கிட்ட வரும்?"

தெரியவில்லை என்றேன். இன்றைக்கும் தெரியவில்லை. நினைவில் இல்லாத ஒன்று எங்கோ தங்கியிருந்து எழுதும்போது கைக்கு வந்தது என்று சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் பிரிவதற்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் காட்டிக்கொடுப்பதுதான் முதலில் தோன்றும். பத்துப் பேரை எழுதச் சொன்னால் ஆறு பேர் அதைத்தான் எழுதுவார்கள். அவளுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டவளிடம் குற்றமே இல்லை என்று சொன்னால், அவள் இத்தனை வருடம் சுமந்ததை எங்கே வைப்பாள்? "சரி விடு, நான்தான் பெருசா நினைச்சுக்கிட்டேன்," என்றாள். குரலில் நிம்மதியோடு ஏமாற்றமும் இருந்தது.

பேச்சை மாற்ற, "அமைதியானவ நீ இல்ல, நான்," என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நீயா? நீ அமைதியா?"

"பின்னே? நீதானே பேசிக்கிட்டே இருப்பே?"

"உன்கிட்ட பேசுவேன். வேற யார்கிட்ட நான் வாயைத் திறந்தேன் சொல்லு. வகுப்புல ஒரு மிஸ்ஸுக்காவது என் குரல் தெரியுமா? நீதான் எழுந்து நின்னு கேள்வி கேப்பே. மலைக்குக் கூட்டிட்டுப் போனதே நீதான். கீழ எங்க அத்தா கடை இருக்குது, பாத்துட்டா கொன்னுடுவாருன்னு நான் அழாத குறையா நின்னேன்."

என் நினைவில் மலைக்கு என் கையைப் பிடித்து இழுத்துப் போனது அவள். அவள் துப்பட்டா காற்றில் பறந்ததும், சீக்கிரம் வாடி என்று மேலிருந்து கத்தியதும் எனக்குக் கண்முன் நிற்கிறது. அவளுக்கு, நான் மேலே நின்று கத்தியது நிற்கிறது. தீர்த்துவைக்க மூன்றாவது ஆள் யாரும் அன்று மலையில் இல்லை.

மகள் அதுவரை நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "ஆன்ட்டி, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

சொல்லும்மா என்றேன்.

"அந்த ரெண்டு பேருமே ஒரே மாதிரிதான் பேசறாங்க. பேரை மறைச்சிட்டா யாரு பேசறாங்கன்னு தெரியல. அப்புறம், அந்த அமைதியான பொண்ணு வீடு எங்க இருக்குன்னே நாவல்ல வரல. யாரும் அவ வீட்டுக்குப் போகவே இல்ல. இந்த மாதிரி ஸ்கூல் கதைல எல்லாம் ஃப்ரெண்டுக்கு வீடே இருக்காது. ஹீரோயின் அழறப்போ வந்து நிக்கறதுக்குத்தான் அவ."

"ஏய், பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது," என்றாள் அவள் அம்மா.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது இரண்டும் உண்மை. அமைதியானவளின் வீட்டை நான் எழுதவில்லை, ஏனென்றால் அது பெருங்களத்தூரில் என் வீடு. அதன் ஒவ்வொரு சுவரும் எனக்குத் தெரியும், அதனாலேயே எழுதவேண்டும் என்று தோன்றவில்லை. படிப்பவர்களுக்கு அது இல்லை. என் கண்ணில் கதையின் மையமாக இருந்தவள், அந்தப் பெண்ணின் கண்ணில் வீடில்லாத தோழியாகிவிட்டாள். துடுக்கானவளை நான் கவனித்து எழுதியிருந்தேன், என்னைக் கவனிக்காமல் எழுதியிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்னொன்றும் தோன்றியது. பேசுகிறவள், பேசாதவள் என்று நான் பிரித்தது இரண்டு பேரை அல்ல. அவளிடமிருந்து அந்தப் பேச்சு என்னோடு இருக்கும்போது மட்டும் வந்தது. கேட்டவள் நான் ஒருத்தி என்பதால் அது அவளுடைய சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். என் மௌனமும் அவள் பக்கத்தில் இருந்தபோது மட்டும் இருந்திருக்கலாம். நாவலில் துடுக்கானவள் தலைமையாசிரியையிடமும் அப்பாவிடமும் பால்காரரிடமும் ஒரே மாதிரி துடுக்காகப் பேசுகிறாள். அப்படி யாரும் இல்லை. இது எழுதுவதற்கு முன்னால் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

அதன்பிறகு நாங்கள் பழைய தோழிகளாகிவிடவில்லை. புதிதாக ஒரு பழக்கம் ஏற்பட்டது என்று சொல்லலாம். பள்ளியில் அவள் பாடப்புத்தகம் தவிர எதையும் படித்ததில்லை. இப்போது மகள் வாங்கிவரும் பள்ளிக்கூடக் கதைகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். வாரத்தில் ஒரு நாளாவது சாயங்காலம் நடைப்பயிற்சிக்குப் போகும்போது போன் செய்வாள். நலம் விசாரிப்பது கிடையாது. நேராகப் புத்தகத்துக்கு வந்துவிடுவாள்.

"எல்லாத்துலயும் ஒரு குண்டுப் பொண்ணு வருதுடி. எப்பவும் தின்னுகினே இருக்கும், ஜோக் அடிக்கும். நம்ம கிளாஸ்ல குண்டா இருந்தவ எப்படி இருந்தா? வாயே திறக்க மாட்டா, டிபன் பாக்ஸைக் கையால மறைச்சிக்கிட்டு சாப்பிடுவா. அதை ஏன் யாரும் எழுத மாட்டேங்கறீங்க?"

மறைத்துக்கொண்டு சாப்பிட்டவளை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணை நான் எழுதியதில்லை. எழுத நினைத்ததுகூட இல்லை.

இன்னொரு நாள், "ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்கறவளுக்கு எல்லாரும் கண்ணாடி மாட்டிடறாங்க," என்றாள். முதல் அத்தியாயத்திலேயே ஒவ்வொருத்திக்கும் ஒரு குணத்தைப் பேட்ஜ் மாதிரி குத்திவிடுகிறார்கள், கடைசிவரை அதைக் கழற்ற விடுவதில்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார். எழுதுகிறவர்கள் கூடும் கூட்டங்களில் நான் கேட்ட பல உரைகளைவிட இது சுருக்கமாக இருந்தது. எல்லாவற்றிலும் அவள் சொல்வது சரி என்று இல்லை. நல்ல நாவல் ஒன்றை, அதில் மழை அதிகம் பெய்கிறது என்பதற்காகப் பாதியில் மூடிவைத்தாள்.

நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போனபோது திருத்தம் இருந்தால் கொடுங்கள் என்றார் பதிப்பாசிரியர். சண்டை அத்தியாயத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு எடுக்கறே? இருக்கட்டும். கதையில ஏதாவது நடக்கணும்ல."

"உனக்குக் கஷ்டமா இருந்துச்சே."

"இருந்துச்சு. ஆனா அந்த இடத்துலதான் நான் கீழ வெக்காம படிச்சேன்." பிறகு, "அந்தப் பொண்ணுக்கு ஒரு வீடு குடு. அது போதும்," என்றாள்.

கொடுத்தேன். இரண்டு பக்கம்தான். பெருங்களத்தூரில் ரயில் போகும்போதெல்லாம் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும் வீடு. துடுக்கானவள் ஒருநாள் அங்கே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறாள். கதையில் அதனால் எதுவும் மாறவில்லை. பழைய பதிப்பை வைத்திருக்கும் அவள் மகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பேச்சு இன்னும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள்.

போன கோடையில் எங்கள் வீட்டு ஏசி தண்ணீர் ஒழுகியது. தோழியிடம் சொன்னதும் ஆளை அனுப்பினாள், ஸ்கூட்டரில் தானும் வந்தாள். மாடம்பாக்கம் கோவிலுக்குப் பின்னால் எங்கள் தெருவைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டிருக்கிறாள். வேலையாள் உள்ளே கழற்றிக்கொண்டிருக்க நாங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் எழுதிக்கொண்டிருந்த இரண்டாவது நாவலின் பக்கங்கள் அங்கேயே இருந்தன. படிக்கிறாயா என்று அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் தொடவில்லை. "புக்கா வரட்டும். இப்பப் படிச்சா அதை மாத்து இதை மாத்துன்னு சொல்லிக்கிட்டு இருப்பேன். நீயும் மாத்துவே."

"இதுல நீ இல்ல," என்றேன்.

"போன தடவையும் அப்படித்தான் நினைச்சிருப்பே."

டீ போட எழுந்தேன். அதற்குள் மேடவாக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்துவிட்டது. நிதானமான அந்தக் குரலில் விவரம் கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்தாள். ஆள் முடித்துவிட்டு வந்தால் நேராக அங்கே வரச் சொல்லு என்று என்னிடம் சைகை காட்டினாள். வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. கொதித்துக்கொண்டிருந்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை ஸ்டூல் மேல் நின்றிருந்த வேலையாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.